எதிர்ப்புச் சக்தி இருந்தால் மூளைக்காய்ச்சல் வராதா?

“உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருப்பவருக்கு வைரஸ் மூளைக்காய்ச்சல் வராது, மிளகுக் கஷாயமே போதும்” என்னும் குரல்பதிவு பெங்களூரு அல்சூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களைச் சில வைரஸ்கள் கூடுதலாகத் தாக்கும் என்பது மெய்தான். ஆனால் உதட்டோரக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் மூளை அழற்சி எனப்படும் மூளைக்காய்ச்சலுக்கு ஆளாவோரில் பெரும்பாலோர் அதுவரை நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களே. நெற்றியின் பக்கவாட்டுப் பொட்டுக்கு உட்புறமுள்ள, மொழியும் நினைவும் சார்ந்த மூளைப் பகுதியையே அது பெரிதும் தாக்குவதால், காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்திருப்பவர் எதிரிலுள்ள செம்பின் பெயரைச் சொல்லத் தெரியாமல் திணறலாம், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கலாம், வலிப்பும் வரலாம். (இதைப் பேய்க்கோளாறு என்று நாள்களை வீணாக்குவோர் இன்றும் உண்டு.)

சிகிச்சையின்றி விட்டால் பத்தில் ஏழு பேர்வரை இறக்கக்கூடிய இந்நோய்க்கு அசைக்ளோவிர் மருந்து உண்டு. முதுகுத் தண்டுநீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை தொடக்க நாள்களில் சில சமயம் வைரஸ் இல்லையென்றே காட்டக்கூடும் என்பதால், சந்தேகம் எழுந்தவுடனேயே இம்மருந்தை ஊசிவழி தொடங்கி, நோய் உறுதியானால் 14 முதல் 21 நாள்கள்வரை செலுத்துகின்றனர். கஷாயம் இவ்வைரஸை அழிக்காது; நினைவு குழம்பியவருக்குப் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு.