மரக்கட்டைச் சாலையைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

எங்கோ ஒரு பழைய நகரத்தில் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டுகிறார்கள். தாருக்கு அடியில் வரிசை வரிசையாக மரக்கட்டைகள். உடனே படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு படம் என் கண்ணில் படுகிறது. கீழே வரும் கருத்துகளில் ஒரு பாதி, "மரத்திலா ரோடு போட்டான்? அறிவாளிதான்!" என்று சிரிக்கும். மறுபாதி, "இயற்கையோடு இயைந்து வாழ்ந்தவர்கள், நாமும் அதற்குத் திரும்ப வேண்டும்" என்று உருகும். இரண்டையும் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இந்த விஷயத்தில் கொஞ்சம் சொந்த அனுபவமும் இருக்கிறது. அது கையைச் சுட்டுக்கொண்ட அனுபவம். பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இது பலகை பரப்பிய சாலை கிடையாது. கட்டைகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்திருப்பார்கள். அதாவது மரத்தின் இழை மேலிருந்து கீழாக ஓடும், அறுத்த முகம் வானத்தைப் பார்க்கும். ஒற்றை ஈர்க்குச்சியைப் படுக்க வைத்து மிதித்தால் நசுங்கிவிடும். நூறு ஈர்க்கைக் கட்டி நிமிர்த்தி வைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. மரமும் அப்படித்தான். இழையின் போக்கில் அது தாங்கும் பாரம், குறுக்கே தாங்குவதைப் போலப் பல மடங்கு. கறி வெட்டும் கட்டையில் அறுத்த முகம் மேலே இருப்பதும் இதற்காகத்தான். வெட்டு விழுந்தாலும் இழைகள் விலகிக் கொடுத்துத் திரும்பச் சேர்ந்துகொள்ளும், சிராய் பெயராது.

சரி, கல் இருக்கும்போது மரம் எதற்கு? சத்தம். குதிரை வண்டிக் காலத்துப் பெருநகரத்தை நாம் அமைதியான இடமாகக் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் இரும்புப் பட்டை போட்ட சக்கரமும் இரும்பு லாடமும் கருங்கல்லில் மோதுகிற ஓசை பகலெல்லாம் நின்றபாடில்லை. லண்டனில் யாராவது நோயில் படுத்துவிட்டால், வசதியுள்ள வீட்டார் வாசல் தெருவில் வைக்கோலைப் பரப்பிவிடுவார்கள், வண்டிச் சத்தம் அடங்கட்டும் என்று. அதே லண்டனில் 1830களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் மரக்கட்டை பதித்துச் சோதித்தார்கள். ஹவானாவில் ஸ்பானிய ஆளுநரின் மாளிகைக்கு எதிரே உள்ள தெரு இன்றும் மரக்கட்டையில்தான் இருக்கிறது. ஆளுநரின் தூக்கம் கெடக்கூடாது என்று போட்டதாக அங்கே கதை சொல்வார்கள். ஒருவர் தூங்குவதற்காக ஒரு தெருவா என்று கோபப்படலாம். எனக்கென்னவோ, தெரு போடும்போது தூக்கத்தையும் ஒருவர் கணக்கில் எடுத்தாரே என்பதில்தான் ஆச்சரியம்.

ரஷ்யாவில் வசீலி குரியேவ் என்ற பொறியாளர் அறுகோணக் கட்டைகளைத் தேன்கூடு மாதிரி பதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1830களில் பீட்டர்ஸ்பர்க்கின் நெவ்ஸ்கி பெருவீதியே அப்படித்தான் ஆனது. அமெரிக்காவில் பாஸ்டன்காரரான சாமுவேல் நிக்கல்சன் 1848இல் தன் சொந்தச் செலவில் சுங்கச் சாலை ஒன்றில் 75 அடி நீளத்துக்கு மரம் பதித்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏறக்குறைய தினமும் அங்கே போவார். கைத்தடியால் கட்டைகளைத் தட்டிப் பார்ப்பார். சுங்கம் வசூலிப்பவரிடம் "எப்படித் தாங்குகிறது? வண்டிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்பார். ஆறு வருடம் இப்படிப் பார்த்துவிட்டு, 1854இல் காப்புரிமை வாங்கினார்.

அந்தக் காப்புரிமையை மீறி எலிசபெத் என்ற நகரம் சாலை போட்டுக்கொண்டதும், வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆறு வருடம் ஊர் மொத்தமும் பயன்படுத்திய பொருளுக்கு எப்படிக் காப்புரிமை தரலாம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். சாலையைத் தெருவில் வைத்துத்தான் சோதிக்க முடியும், அது சோதனையே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைத்தடியால் தட்டிய சாட்சியம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. இன்றும் காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. நகரம் இதில் லாபம் எதுவும் பார்க்கவில்லை என்பதால் அது தப்பித்துவிட்டது. லாபம் பார்த்த ஒப்பந்த நிறுவனம்தான் மாட்டிக்கொண்டது.

"மரச்சாலை என்றால் தீப்பிடிக்காதா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். 1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தது. அப்போது அங்கே மைல் கணக்கில் மரக்கட்டைத் தெருக்கள் இருந்தன. மரவீடுகளும் மர நடைபாதைகளும் சாம்பலாயின. தெருவின் கட்டைகளோ பல இடங்களில் மேலே கருகியதோடு பிழைத்துக்கொண்டன. நெருக்கமாகப் புதைந்த கட்டைக்குப் பக்கவாட்டிலும் அடியிலும் காற்று போகாது, அதனால் சீக்கிரம் பற்றாது. அந்தத் தீக்குப் பிறகும் சிகாகோ மரத்தை விடவில்லை. 1909இல் போட்ட ஒரு மரச் சந்து அங்கே இன்னும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

மரத்துக்கு எமன் தண்ணீர். இங்கேதான் என் கதையும் வருகிறது. சில வருடங்களுக்கு முன் வீட்டுக்குப் பின்னால் பத்தடி நீளத்துக்கு ஒரு நடைபாதை போட்டேன். பழைய உத்தரம் ஒன்றை ஜாண் உயரத் துண்டுகளாக அறுத்து, நிற்க வைத்து, ஒரு இம்மி இடைவெளி இல்லாமல் இறுக்கி அடித்தேன். பார்ப்பதற்குச் செதுக்கி வைத்த மாதிரி இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். முதல் பெருமழை இரண்டு நாள் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் நடுப்பகுதி ஒட்டகத்தின் திமில் மாதிரி எழும்பி நிற்கிறது, ஓரத்துச் செங்கல் வரிசை வெளியே தள்ளிக் கிடக்கிறது.

காரணம் எளிது. மரம் ஈரம் வாங்கினால் நீளவாக்கில் நீளவே நீளாது என்று சொல்லலாம். குறுக்கேதான் உப்பும். மழைக்காலத்தில் கதவு அகலத்தில் பிடித்துக்கொள்வதும் உயரத்தில் பிடிக்காததும் அதனால்தான். கட்டையை நிற்க வைத்தால் உப்புகிற திசை எல்லாம் சாலையின் கிடைமட்டத்தில் வந்துவிடுகிறது. பத்து மீட்டர் அகலத் தெருவில் நூற்றில் ஒரு பங்கு உப்பினாலும் பத்து சென்டிமீட்டர். அதற்கு இடம் விடவில்லை என்றால் ஓரக்கல்லைத் தள்ளும், அல்லது மேலே எழும்பும். அந்தக் காலத்து வேலைக்காரர்களுக்கு இது தெரியும். கட்டை வரிசைகளுக்கு இடையே சரளையும் தாரும் நிரப்புவார்கள், ஓரக்கல் பக்கம் இளக்கமான இடைவெளி விடுவார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

தெரிந்தும் செய்யாதவர்கள் உண்டு. வாஷிங்டனில் பென்சில்வேனியா பெருவீதிக்கு மரம் பதித்து 1871 பிப்ரவரியில் திருவிழாவே நடத்தினார்கள். அதே காலத்தில் நகரெங்கும் அவசர அவசரமாகப் போட்ட மரச்சாலைகள் சில வருடங்களில் மக்கிப்போயின. பெருவீதிக்கே 1876இல் தார்க்கலவை போட வேண்டியதாயிற்று. மரச்சாலை என்றாலே கேலி என்ற பேரை வாங்கிக் கொடுத்தது இந்த மாதிரி வேலைகள்தான். நன்றாகப் பதப்படுத்திய கட்டையும், லண்டன் பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்த ஜாரா, காரி போன்ற கடின மரங்களும் வேறு கதை.

வெள்ளம் வந்தால் மட்டும் எந்தக் கட்டையும் நிற்காது. 1910 ஜனவரியில் சேன் நதி பாரிசுக்குள் வந்தபோது தெருக்கட்டைகள் மிதந்து போயின. 1924 செப்டம்பரில் லெனின்கிராடிலும் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) அதேதான். தெரு மிதந்து போவதைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருந்திருக்கும்!

வழுக்கலும் இருந்தது, நாற்றமும் இருந்தது, மறைக்க மாட்டேன். ஈரக்கட்டையில் குதிரை சறுக்கும், அதற்காகச் சரளை தூவுவார்கள். குதிரை மூத்திரம் கட்டைக்குள் ஊறினால் வெயிலில் தெருவே கொட்டில்தான். ஆனாலும் மரச்சாலை இவற்றால் மட்டும் ஒழிந்துவிடவில்லை. ரப்பர் சக்கரம் வந்தது, லாடச் சத்தம் மறைந்தது, மரம் தீர்த்து வைத்த பிரச்சினையே இல்லாமல் போனது. தார் மலிவு, பராமரிப்பும் சுலபம். பெயர்த்தெடுத்த கட்டைகளை லண்டன் ஏழைகள் அடுப்பெரிக்கக் கொண்டுபோனார்கள். தார் ஊறிய கட்டை சுடர்விட்டு எரியும், ஆனால் உள்ளே பதிந்த சரளைக்கல் சூட்டில் வெடித்து அறைக்குள் தெறிக்குமாம்.

இப்போது "திரும்ப வேண்டும்" கட்சிக்கு வருகிறேன். வேண்டாம். கட்டை மக்காமல் இருக்க அதில் ஊற வைத்தது நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட். புற்றுநோய் ஆபத்து உள்ள சரக்கு. அதை மழைநீரில் கசியவிட்டுவிட்டு இயற்கை என்று பேசக்கூடாது. எத்தனை காடுகள் வேண்டும் என்பது வேறு கேள்வி.

எனக்குத் திரும்ப வேண்டியது அந்தத் தூக்கக் கணக்கு மட்டும்தான். சாலை எவ்வளவு பாரம் தாங்கும், எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்கிறோம். அருகில் குடியிருப்பவர் காதுக்கு அது என்ன செய்யும் என்று எத்தனை இடத்தில் கேட்கிறார்கள்? ஓரளவு வேகம் பிடித்த காரில் இயந்திரத்தைவிடச் சக்கரம் சாலையில் உரசும் ஓசைதான் பெரிது. ஆக, பொறுப்பில் பாதி சாலையின் மேற்பரப்புக்கு. நெதர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதி துளைகள் விட்ட தார்க்கலவையால் ஆனது. தண்ணீரும் உள்ளே இறங்கும், ஓசையும் உள்ளே அடங்கும். சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்று தெரிந்தும் போடுகிறார்கள். நிக்கல்சனின் வாரிசுகளை நான் அங்கேதான் தேடுவேன்.

என் பத்தடிப் பாதையைக் கலைத்து மறுபடி போட்டேன். இந்த முறை வரிசைக்கு வரிசை விரல் அகலம் விட்டு மணலை நிரப்பினேன், இரண்டு ஓரத்திலும் இடம் விட்டேன். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. திமில் இல்லை. குழாயடியில் இருக்கும் மூன்று கட்டைகள் மட்டும் மக்க ஆரம்பித்திருக்கின்றன. கம்பால் தட்டினால் மற்றவை கணீர் என்கின்றன, அந்த மூன்றும் பொத்பொத்தென்று கேட்கின்றன. அடுத்த ஞாயிறு மாற்ற வேண்டும்.