பெய்ஜிங் காற்றைச் சுத்தம் செய்தது கோபுரம் இல்லை

"பெய்ஜிங்கில் புகையை உறிஞ்சும் கோபுரம் வைத்தார்கள், காற்று சுத்தமாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 2016இல் வைத்த அந்தக் கோபுரத்தின் உயரமே 7 மீட்டர்தான். ஒரு பெருநகருக்கு அது எந்த மூலைக்கு? காற்றை மாற்றியது 2013 செப்டம்பரில் சீன அரசு கொண்டுவந்த காற்று மாசுத் தடுப்புச் செயல்திட்டம். நிலக்கரிக் கொதிகலன்களை மூடினார்கள். வீடுகளில் நிலக்கரிக்குப் பதில் எரிவாயுவும் மின்சாரமும் வந்தன. மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் மிக நுண்ணிய தூசான பிஎம் 2.5இன் ஆண்டு சராசரி பெய்ஜிங்கில் 2013இல் கனமீட்டருக்குச் சுமார் 90 மைக்ரோகிராம், 2017இல் 58, 2021இல் 33.

சும்மா வந்ததல்ல இது. 2017 குளிர்காலத்தில் பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள ஹெபெய் மாகாணத்தில் மாற்று வெப்ப வசதி வருமுன்பே நிலக்கரியை நிறுத்திவிட்டார்கள். வகுப்பறைக் குளிர் தாங்காமல் பள்ளிப் பிள்ளைகள் வெளியே வெயிலில் உட்கார்ந்து படித்தார்கள். கோபுரத்துக்கு நல்ல பேரைக் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளைகளை மறக்க எனக்கு மனம் வரவில்லை.