எஸ்எஸ்டி ஒரே வருடத்தில் தேயுமா?

கம்பெனி டேட்டாபேஸை எஸ்எஸ்டியில் (ஃபிளாஷ் மெமரி சிப்களில் டேட்டாவை வைக்கும் டிரைவ்) வைத்தால் எழுதி எழுதி ஒரு வருடத்தில் தேய்ந்துவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், பலரும் ஆமோதித்திருக்கிறார்கள். எழுத எழுத ஃபிளாஷ் தேயும் என்பது சரி. கணக்குதான் இடிக்கிறது.

சர்வர் டிரைவ்களின் டேட்டாஷீட்டில் டிடபிள்யூபிடி என்று ஓர் எண் இருக்கும். உத்தரவாதக் காலம் முழுக்க, தினமும் முழு டிரைவையும் எத்தனை முறை எழுதலாம் என்பது அது. 3.84 டிபி டிரைவ், 1 டிடபிள்யூபிடி, 5 வருடம் என்றால் சுமார் 7,000 டிபி. தினம் 200 ஜிபி எழுதும் அலுவலகம் (அதுவே பல இடங்களில் அதிகம்) 5 வருடத்தில் எழுதுவது 365 டிபிதான். வீட்டு லேப்டாப் டிரைவுக்கு இந்த உத்தரவாத அளவு மிகவும் குறைவு, அதை சர்வரில் போடுவது வேறு கதை.

உங்கள் டிரைவ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். அதைக் காட்டும் மென்பொருள் லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl), விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (CrystalDiskInfo). என்விஎம்இ (NVMe, வேகமான எஸ்எஸ்டி வகை) டிரைவ் என்றால் ஸ்மார்ட்சிடிஎல்லில் 'பர்சென்டேஜ் யூஸ்ட்' என்ற வரி தேய்மானத்தைச் சொல்லும். 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' (Data Units Written) எண்ணை 5,12,000 பைட்டால் பெருக்கினால் இதுவரை எழுதிய மொத்தம். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், வித்தியாசம்தான் நீங்கள் ஒரு வாரத்தில் எழுதும் அளவு.