எம்42 லென்ஸுக்குக் கண்ணாடி அடாப்டர் தேவையா?

எம்42 எனும் பழைய திருகு மவுண்ட் லென்ஸை மிரர்லெஸ் கமராவில் (உள்ளே ஆடி இல்லாதது) போட்டால் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது, உள்ளே கண்ணாடி வில்லை வைத்த அடாப்டர்தான் (இணைப்பு வளையம்) வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது உள்ளே ஆடி உள்ள நிக்கோன் டிஎஸ்எல்ஆர் கமராவுக்குப் பொருந்தும், மிரர்லெஸ்ஸுக்கு அல்ல. எம்42 லென்ஸின் மவுண்ட் (கமராவோடு பொருந்தும் முகம்) படத்தைப் பதியும் சென்சரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி இருக்கவேண்டும். நிக்கோன் டிஎஸ்எல்ஆரின் எஃப் மவுண்டே 46.5 மி.மீ. தள்ளி இருப்பதால் லென்ஸ் வேண்டிய அளவு கிட்ட வராது; அங்கேதான் சிக்கல். சொனி மிரர்லெஸ்ஸின் ஈ மவுண்ட் 18 மி.மீ. மட்டுமே. மிச்ச 27.46 மி.மீ.ஐ வெறும் உலோக வளையமே நிரப்பிவிடும். மலிவான கண்ணாடி வில்லையைப் போட்டால் படத்தின் ஓரங்கள் வீணாக மங்கும்.

சோதிக்க, கொழும்புக் கடற்கரையிலுள்ள காலிமுகத்திடலில் நின்று அடிவானத்துக் கப்பலைக் குறிவையுங்கள். அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளை) முழுதாகத் திறந்து, திரையைப் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை முடிவிலிப் பக்கம் திருப்புங்கள். கடைசிக்குச் சற்று முன்னரே கப்பல் கூர்மையானால் அடாப்டர் கொஞ்சம் மெல்லியது, பாதகமில்லை. முட்டும்வரை திருப்பியும் கூர்மை வராவிட்டால் பெரும்பாலும் அடாப்டரின் தடிப்புத்தான் கூட; வேணியர் இடுக்கியால் அளந்து பாருங்கள்.