துறைச் சுழற்சி வெறும் ஆள் நிரப்பல் அன்று

"இளநிலை பிசியோதெரபிஸ்டுகளைத் துறை மாற்றி அனுப்புவது ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கத்தான், எங்கே போட்டாலும் செய்வது மசாஜ்தான்" என்று சிலர் சொல்வது தவறு. விடுப்பில் சென்றவரின் இடத்துக்கு எங்களை அனுப்பும் நாள்கள் உண்டு என்பதை, பாளையங்கோட்டையில் இப்பணியில் இருக்கும் நான் மறுக்கவில்லை. ஆனால் சுழற்சியின் நோக்கம் அதுவன்று.

எங்கள் பக்கத்தில் பனையிலிருந்து விழுந்து, கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். இருமும் வலு குறைந்துவிட்ட அவருடைய நெஞ்சில் சளி தேங்காமல் காப்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்கள் முதல் வேலை. எலும்பியல் வார்டில், கழுத்தும் முதுகும் முறுக்கிவிடாமல் உடலை ஒரே கட்டையாகத் திருப்பிப் படுக்கைப்புண்ணைத் தடுக்க வேண்டும். பின்னர், கையில் மிஞ்சியிருக்கும் வலுவைக்கொண்டு சக்கர நாற்காலிக்கு மாறப் பழக்க வேண்டும். இந்த மூன்று கட்டங்களையும் நேரில் பார்க்காதவரால், வீடு திரும்பிய அவருக்கு மூச்சுத் திணறத் தொடங்கினால் அதன் பொருளை உடனே உணர முடியாது.

வெளிநோயாளர் பிரிவிலும் இப்படித்தான். மடியில் சுளகை வைத்து நாள் முழுதும் குனிந்து பீடி சுற்றும் பெண்களின் கழுத்துவலிக்கு மசாஜ் சிறிது நேர ஆறுதலே தரும். அமரும் முறையை மாற்றி, தோள்பட்டைத் தசைகளை வலுப்படுத்துவதே அங்கு நாங்கள் செய்யும் சிகிச்சை.