உஷாஹிடி அமெரிக்கக் கண்டுபிடிப்பா?

"பேரிடரில் மக்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளை வரைபடத்தில் ஏற்றும் உஷாஹிடி மென்பொருள், 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கியது" என்ற தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அது 2008 ஜனவரியிலேயே, கென்யாவின் நெருக்கடிக்காகப் பிறந்தது. 2007 டிசம்பர் தேர்தலைத் தொடர்ந்து வன்முறை வெடித்து 1,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நேரலைச் செய்திகளுக்கு அரசு தடை போட்டது. எந்த ஊரில் என்ன நடக்கிறதென்றே தெரியாத நிலை. கென்ய வழக்கறிஞர் ஓரி ஒகோல்லோ, தாக்குதல் நடந்த இடங்களை வரைபடத்தில் குறிக்க யாராவது வருவீர்களா என்று இணையத்தில் கேட்டார். ஜூலியானா ரோட்டிச், டேவிட் கோபியா, எரிக் ஹெர்ஸ்மன் எனச் சிலர் கைகோத்தனர். சில நாட்களிலேயே தளம் தயார். ஹெர்ஸ்மன் அமெரிக்கர்தான், வளர்ந்தது சூடானிலும் கென்யாவிலும். மற்ற மூவரும் கென்யர்கள்.

ஹைட்டிக்காக அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் இரவுபகலாக உழைத்தது உண்மை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். அவர்கள் கையில் இருந்ததோ ஏற்கெனவே உருவான, யாரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய இந்த மென்பொருள். ஆப்பிரிக்க இளைஞர்களை உதவி பெறுபவர்களாக மட்டுமே பார்க்கும் பழக்கம்தான் இத்தகைய பொய்க்குத் தீனி போடுகிறது என்று நினைக்கிறேன். கென்ய நாடாளுமன்ற உறுப்பினர்களின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் 'ம்சலெண்டோ' தளத்தை 2006-லேயே இணைந்து தொடங்கியவரும் இதே ஒகோல்லோதான்.