ஜே மாஸ்கிஸ் ஜாஸ்மாஸ்டர்: பெயருக்கா காசு கொடுக்கிறோம்?

அக்கா மகன் நேற்று ராத்திரி ஒரு கிட்டார் படத்தை அனுப்பி, "மாமா, சிக்னேச்சர் மாடல்னா சும்மா பேருக்குத்தான் காசு வாங்குறாங்கன்னு ஃபிரண்டு சொல்றான். வாங்கலாமா, வேணாமா?" என்று கேட்டிருந்தான். சிக்னேச்சர் மாடல் என்றால் பிரபல வாசிப்பாளர் ஒருவர் பெயரில் வரும் கிட்டார். படத்தில் இருந்தது ஸ்குவயர் ஜே மாஸ்கிஸ் ஜாஸ்மாஸ்டர், அதாவது ஃபெண்டர் கம்பெனியின் மலிவு பிராண்டான ஸ்குவயர், ராக் கிட்டாரிஸ்ட் ஜே மாஸ்கிஸ் பெயரில் விடும் எலக்ட்ரிக் கிட்டார். ஆறு வருடமாக என் வீட்டில் இருக்கும் அதே கிட்டார். இரண்டு வரியில் பதில் போட்டு முடிக்க மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஃபெண்டர் 1958இல் ஜாஸ்மாஸ்டரைக் கொண்டுவந்தது பெயருக்கேற்றபடி ஜாஸ் வாசிப்பவர்களுக்காக. அவர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கலிபோர்னியா பக்கம் சர்ஃப் இசை வாசித்தவர்கள்தான் எடுத்துக்கொண்டார்கள். 1980இல் தயாரிப்பே நின்றுபோனது. கேட்பாரில்லாத கிட்டார் என்பதால் பழைய சரக்கு விற்கும் கடைகளில் ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டரைவிட மலிவாகக் கிடைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் ஊரில் இருந்த ஜே மாஸ்கிஸ் ஆசைப்பட்டது ஸ்ட்ராட்டுக்கு. கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்தது இது. 1984இல் தொடங்கிய டைனோசர் ஜூனியர் ராக் குழுவில் அவர் வாசித்த, காது நிறைய இரைந்துகொண்டே அழுகிற மாதிரியான லீடுகளோடு இந்த வகைக் கிட்டாரின் பெயரும் ஒட்டிக்கொண்டது. 2007இல் அவர் பெயரில் ஃபெண்டர் ஜப்பானில் செய்த ஊதா மினுமினுப்பு மாடல் ஒன்று வந்தது. 2011இல் ஸ்குவயர் பெயரில் இந்த வெள்ளைக் கிட்டார். காசு பத்தாமல் ஜாஸ்மாஸ்டருக்கு வந்தவர் பெயரில் ஒரு மலிவு மாடல் வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். சிக்னேச்சர் மாடல் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். சாதாரண மாடலில் இருந்து இந்த மனுஷன் எதையெல்லாம் மாற்றச் சொன்னார்? நிறமும் பெயரும் மட்டும் மாறியிருந்தால் வாங்க வேண்டாம். இந்தக் கிட்டாரில் அவர் கையெழுத்து தலைப்பகுதியின் பின்பக்கம் இருக்கிறது, வாசிக்கும்போது யார் கண்ணிலும் படாது. அவர் மாற்றியவை எல்லாம் கை படும் இடங்களில் இருக்கின்றன.

முக்கியமானது பிரிட்ஜ், ஸ்ட்ரிங்குகள் ஏறி நிற்கும் உலோகத் தாங்கி. பழைய ஜாஸ்மாஸ்டரில் பிரிட்ஜ் இரண்டு குழிகளுக்குள் லேசாக ஆடிக்கொண்டு நிற்கும். சுருதியை ஆட்டுவதற்கான டிரெமோலோ கம்பியை அழுத்தும்போது அதுவும் சேர்ந்து அசைய வேண்டும் என்பது கணக்கு. 1958இல் ஆட்கள் தடிமனான ஸ்ட்ரிங் போட்டார்கள், அதனால் ஒத்துவந்தது. இன்று நாம் போடும் மெல்லிய ஸ்ட்ரிங்குக்கு அந்த பிரிட்ஜ் மேல் போதிய அழுத்தம் கிடைக்காது. ஸ்ட்ரிங் முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் தள்ளி இருப்பதால் ஸ்ட்ரிங் பிரிட்ஜைத் தாண்டி இறங்கும் கோணமும் ரொம்பக் குறைவு. நண்பர் ஒருவரிடம் பழைய அமைப்பில் ஒன்று இருக்கிறது. வேகமாக ஸ்ட்ரம் பண்ணினால் கீழ் இ ஸ்ட்ரிங் பள்ளத்தை விட்டுத் துள்ளிப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாட்டு நடுவில் நடந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். மாஸ்கிஸ் அதைத் தூக்கிவிட்டு, கிப்ஸன் வகைக் கிட்டார்களில் வருகிற மாதிரி அசையாத பிரிட்ஜைப் போடச் செய்திருக்கிறார். ஆறு வருடத்தில் என் கிட்டாரில் ஒரு முறைகூட ஸ்ட்ரிங் துள்ளியதில்லை.

அடுத்தது நெக், ஸ்ட்ரிங்கை விரலால் அழுத்தும் நீளமான பகுதி. பழையவற்றில் 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக வளைந்த முகப்பும், குறுக்கே பதித்த சின்ன ஃபிரெட்டுகளும் இருக்கும். மேலே போய் ஸ்ட்ரிங்கை நன்றாக இழுத்தால் சத்தம் பாதியில் செத்துவிடும். இதில் 9.5 அங்குலம், அதாவது கொஞ்சம் தட்டை, ஃபிரெட்டும் பெரிய ஜம்போ வகை. அவர் வாசிக்கும் லீடில் பாதி ஸ்ட்ரிங்கை இழுப்பதுதான் என்பதால் இது அவருடைய சொந்தத் தேவை. நமக்கும் அது அப்படியே உதவுகிறது.

ஸ்ட்ரிங் அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப்தான் சர்ச்சைக்குரிய விஷயம். மூடியைப் பார்த்தால் ஜாஸ்மாஸ்டர் பிக்கப். உள்ளே இருப்பது கிப்ஸன் கிட்டார்களில் வருகிற பி-90 வகையைச் சேர்ந்தது. அசல் ஜாஸ்மாஸ்டரின் அகலமான, மணி மாதிரித் தெளிவான சத்தம் வேண்டும் என்றால் இதில் கிடைக்காது. நடுப்பகுதி தடித்து, சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் போட்டால் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இரைச்சல் உண்டு. எங்கள் வீட்டு ஹாலில் ஃபேன் ரெகுலேட்டரை இரண்டில் வைத்தால் ஆம்ப்பில் 'ஙொய்' என்று கேட்கும், ஐந்தில் வைத்தால் அடங்கிவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் நட் சரியில்லை. ட்யூன் பண்ணும்போது ஜி ஸ்ட்ரிங் நட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, திருகத் திருக அசையாமல் இருந்து, திடீரென 'டிங்' என்று விட்டு ஒரேயடியாக ஏறிவிடும். பென்சிலைக் கூராகச் சீவி அந்தப் பள்ளத்தில் தேய்த்தேன். கரித்தூள் உள்ளே படிந்த பிறகு பாதிப் பிரச்சினை போனது, மீதி நட்டை மாற்றியபோது போனது. என் கிட்டாரில் பிரிட்ஜின் வளைவு நெக்கைவிடத் தட்டையாக இருக்கிறது. ஓரத்து ஸ்ட்ரிங்குகளைச் சரியான உயரத்தில் வைத்தால் நடுவில் இருப்பவை தாழ்ந்து ஃபிரெட்டில் உரசும். பிரிட்ஜ் அசையாது என்பதால் டிரெமோலோவை முரட்டுத்தனமாக ஆட்டினால் ட்யூனிங் நகரும். மெதுவாக ஆட்டுகிறவர்களுக்குக் கவலை இல்லை.

மேல் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதைத் தள்ளினால் நெக் பிக்கப் மட்டும், தனி வால்யூம், தனி டோன் சக்கரத்தோடு மங்கலாக ஒலிக்கும். ஒத்திகையில் ஒருநாள் என் கை பட்டு அது நகர்ந்துவிட்டது. சத்தமே இல்லை. அந்தப் பக்கத்து வால்யூம் பூஜ்ஜியத்தில் இருந்திருக்கிறது. கேபிளை மாற்றினோம், பெடலைக் கழற்றினோம், கால் மணி நேரம் போன பிறகுதான் புரிந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் அந்தச் சக்கரங்களை முழுசாகத் திறந்து வைத்துவிடுங்கள்.

கிட்டார் உடம்பின் மேல் கீறல் விழாமல் காக்கும் தங்க நிற அலுமினிய பிக்கார்டு பார்க்க அழகு. என் முன்கை வியர்வை படும் இடத்தில் அந்தத் தங்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்துப் போயிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இது என் கிட்டார் என்று தோன்றும்.

இன்னொன்று. வாங்கிய புதிதில் செட்டப்புக்குக் கொடுத்த கடையில், ஈஸியாக இருக்கும் என்று 9 என்கிற மெல்லிய அளவு ஸ்ட்ரிங் போட்டுக் கொடுத்தார்கள். கிட்டார் தொளதொளவென்று ஆகி, இதை ஏன் வாங்கினோம் என்று இரண்டு வாரம் நொந்துபோனேன். இன்னும் தடித்த 11 அளவு போட்டு, நெக்கின் உள்ளே இருக்கும் கம்பியை ஒரு கால் திருப்பு இறுக்கியதும்தான் கிட்டார் கிட்டாராக வாசித்தது.

அதனால் தம்பி, வாங்கலாம். செட்டப்புக்கும் நட்டுக்கும் தனியாகக் காசு எடுத்து வைத்துக்கொண்டு வாங்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, என்னுடையதை எடுத்து மதியம் வரை வாசித்துப் பார். ஃபேனை நான் ஐந்தில் வைத்துவிடுகிறேன்.